விலையும் விளைபயனும்

நுழையும்முன்

பொருளின் விலையைக் கடைக்காரர் சொல்லிவிடுவார். அதன் பயனை வாங்குபவரே கண்டறிதல் வேண்டும். மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் பலருக்கு மடிக்கணினி இன்று இன்றியமையாத கருவி. குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் கேட்கும் பொருளும் அதுவே. விலை மிகுந்த கணினி எப்போது தகும், எப்போது மிகையாகும் என்பதை எடைபோடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

கடலோரத்தில் ஒரு கணக்கு

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் ஆகும். மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும்பொருட்டு அந்நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் ஆகிய ஊர்களின் துறைகளில் படகுகள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும். சில படகுகள் கரையேற்றப்பட்டு, மராமத்துப் பணி முடித்து வண்ணம் பூசப்பெறும். வரவு குறைந்து செலவு மட்டும் தொடரும் காலம் அது.

மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவருவதும் கல்லூரிச் சேர்க்கை தொடங்குவதும் பெரும்பாலும் இதே காலத்தில்தான். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், நூல்கள் ஆகியவற்றோடு மடிக்கணினியும் செலவுப் பட்டியலில் இடம்பெறுகிறது. விசைப்படகை நம்பி வாழும் ஒரு குடும்பத்தில், கையிருப்பு மிகக் குறைந்த வேளையில் மிகப் பெரிய செலவு வந்து நிற்கிறது. அந்நிலையில் 50,000 ரூபாய்க் கணினியா, 1,50,000 ரூபாய்க் கணினியா என்னும் வினா வெறும் விருப்பம் பற்றியதன்று. தவறான தேர்வு அடுத்த பருவக் கட்டணத்தையே தடுமாறச் செய்யக்கூடும்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவை ஆட்சி செய்வோருக்குக் கூறப்பட்டவை. எனினும் ஒரு செயலில் இறங்குமுன் ஆராய்தல், ஆற்றலை அளத்தல், காலத்தைக் கணித்தல், இடத்தை அறிதல் என்னும் அவ்வரிசை, குடும்பத்தினர் ஒரு பொருளை வாங்குவதற்கும் பொருந்துகிறது.

தெரிந்து செய்தல்

தமிழ்நாடு அரசு, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. கணினிகளைக் கொள்முதல் செய்யும் பொறுப்பு தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டிடம் அளிக்கப்பட்டது. இத்தகைய அரசுக் கொள்முதலில் பின்பற்றப்படும் ஒழுங்கு கவனிக்கத்தக்கது. கணினியின் செயலி, நினைவகம், சேமிப்பகம், திரை ஆகியவை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது முதலில் எழுதி அறிவிக்கப்படும். அதன்பின்னரே நிறுவனங்களிடம் விலை கேட்கப்படும். தேவை முன்னே நிற்க, விலை பின்னே வருகிறது.

தனி மனிதர் கடைக்குச் செல்லும்போது இவ்வொழுங்கு தலைகீழாகிவிடுகிறது. கண்ணைப் பறிக்கும் மெல்லிய உடல், ஒளிரும் விசைப்பலகை, தள்ளுபடி அறிவிப்பு ஆகியவை முதலில் மனத்தில் பதிகின்றன. அதற்கேற்பத் தேவை பின்னர் உருவாக்கப்படுகிறது. இதனைத் தவிர்க்க எளிய வழி, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வதாகும். எந்தப் படிப்பு, அதில் பயன்படும் மென்பொருள்கள் எவை, எத்தனை ஆண்டு பயன்படுத்த வேண்டும், குடும்பத்தால் கடனின்றித் தர இயலும் தொகை எவ்வளவு என்பனவே அவை.

தமிழ், வரலாறு, வணிகவியல் முதலிய பாடங்களைப் பயில்வோர்க்குக் கட்டுரை எழுதுதல், இணையத்தில் தேடுதல், கணக்குத்தாள், இணையவழி வகுப்பு ஆகியவையே பெரும்பாலான பணிகள். இடைப்பட்ட விலையுள்ள கணினியே இவற்றுக்குப் போதும். கட்டடக்கலை, அசைவூட்டம், படத்தொகுப்பு, முப்பரிமாண வடிவமைப்பு ஆகியவற்றைப் பயில்வோரின் நிலை வேறு. அவர்தம் மென்பொருள்கள் தனி வரைகலைச் செயலியையும் மிகுதியான நினைவகத்தையும் கேட்கும். கல்லூரித் துறையிடமும் அங்குப் பயிலும் மூத்த மாணவர்களிடமும் கேட்டறிந்த பின்னர் வாங்குதல் நன்று. சேர்க்கைக்கு முன்பே அவசரப்பட்டு வாங்கி, பின்னர்ப் பாடப்பிரிவு மாறியதால் பொருந்தாத கணினியோடு இடர்ப்படுவதை இது தவிர்க்கும்.

வலியறிதல்

கணினியின் வலிமை ஓர் உறுப்பில் மட்டும் அடங்குவதன்று. கணக்கிடும் பணியைச் செய்வது செயலி. செய்துகொண்டிருக்கும் பணியைத் தாங்கி நிற்பது நினைவகம். கோப்புகளை நிலையாக வைத்திருப்பது சேமிப்பகம். விரைந்த செயலியை வாங்கிக் குறைந்த நினைவகத்தோடு நிறுத்திக்கொள்வது, ஆற்றல் மிக்க எஞ்சினைச் சிறிய வல்லத்தில் பொருத்துவது போன்றது. எஞ்சினின் ஆற்றல் வீணாகும்; வல்லமும் நிலைதடுமாறும்.

செயலியின் பெயரில் உள்ள எண் பெரிதாக இருந்தால் விரைவும் பெரிதாக இருக்கும் என்பது பலரது எண்ணம். அவ்வெண் தலைமுறையையும் வகையையும் குறிக்கும் ஓர் அடையாளமே. அதன் இறுதியில் வரும் எழுத்தும் பொருளுடையது. எடுத்துக்காட்டாக, இன்டெல் நிறுவனத்தின் செயலிப் பெயர்களில் 'யு' என முடிபவை குறைந்த மின்சாரத்தில் இயங்குபவை. 'எச்' என முடிபவை மிகுந்த ஆற்றலுக்கென அமைக்கப்பட்டவை. ஒரே வரிசைப் பெயரைத் தாங்கிய இரு கணினிகள் இவ்வெழுத்தால் வேறுபடக்கூடும்.

விரைவை அளக்கச் சோதனை மென்பொருள்கள் உள்ளன. அவை தரும் மதிப்பெண்கள் ஒப்பீட்டுக்கு உதவும். ஆயினும் சில நிமிடங்களில் முடியும் சோதனை, தொடர்ந்து ஒரு மணி நேரம் உழைக்கும் ஆற்றலைக் காட்டாது. செயலி உழைக்கும்போது வெப்பம் தோன்றும். அவ்வெப்பம் வெளியேற இடமின்றேல், கணினி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். மிக மெல்லிய உடலைக் கொண்ட விலை மிகுந்த கணினிகள் சிலவற்றில் இந்நிலை விரைவில் ஏற்படும். தடித்த உடலும் நல்ல காற்றோட்டமும் கொண்ட இடைநிலைக் கணினி, நீண்ட பணியில் அதனை முந்துவதும் உண்டு. ஓட்டத்தின் முதல் நூறு அடியைக் கொண்டு நெடுந்தொலைவு ஓட்டக்காரரை மதிப்பிடலாகாது.

விலையேற்றமும் திறனேற்றமும் ஒரே அளவில் செல்வதில்லை என்பதும் அறியத்தக்கது. மிக மலிவான கணினியிலிருந்து இடைநிலைக் கணினிக்கு மாறும்போது வேறுபாடு கண்கூடாகத் தெரியும். இடைநிலையிலிருந்து உயர்நிலைக்குச் செல்லும்போது விலை இருமடங்காகலாம். கட்டுரை எழுதுவோர்க்கு அவ்வேறுபாடு தெரியாமலே போகலாம். கூடுதல் பணத்தின் பெரும்பகுதி திரையின் வண்ணத் துல்லியம், எடைக்குறைவு, உடலின் மெருகு, வரைகலை ஆற்றல் ஆகியவற்றுக்குச் செல்கிறது. இவை தேவைப்படுவோர்க்கு அவ்விலை தகும். ஏனையோர்க்கு அது பயன்படுத்தாத ஆற்றலுக்குக் கொடுத்த விலையாகும்.

தெரிந்து தெளிவோம்

மின்கலத்தின் கொள்ளளவு வாட்-மணி என்னும் அலகில் குறிக்கப்படும். 54 வாட்-மணி கொண்ட மின்கலம், சராசரியாக 9 வாட் மின்சாரத்தைப் பயன்படுத்தும் கணினியை 6 மணி நேரம் இயக்கும். விளம்பரங்கள் கூறும் நேரம், குறைந்த திரையொளியில் காணொலி மட்டும் ஓடும் நிலையில் அளக்கப்பட்டதாக இருக்கலாம்.

512 ஜிபி என விற்கப்படும் சேமிப்பகத்தை விண்டோஸ் இயங்குதளம் ஏறத்தாழ 476 ஜிபி எனக் காட்டும். இது குறைபாடன்று. உற்பத்தியாளர் பத்தின் அடுக்குகளாலும் இயங்குதளம் இரண்டின் அடுக்குகளாலும் கணக்கிடுவதால் தோன்றும் வேறுபாடு.

காலமறிதல்

ஒரு பொருளின் உண்மையான விலை, வாங்கிய நாளில் கொடுத்த தொகை மட்டுமன்று. அது உழைக்கும் ஆண்டுகளையும் அதற்காக இடையில் செய்யும் செலவையும் சேர்த்துக் காண வேண்டும். மூன்று கணினிகளைக் கற்பனையாகக் கொண்டு கணக்கிட்டால் இது விளங்கும்.

முதற்கணினியின் விலை 45,000 ரூபாய். பழுதுநீக்கச் செலவு 5,000 ரூபாய். உழைக்கும் காலம் 4 ஆண்டுகள். ஆண்டுக்கு 12,500 ரூபாய் ஆகிறது. இரண்டாம் கணினியின் விலை 75,000 ரூபாய். மின்கலம் மாற்றும் செலவு 6,000 ரூபாய். உழைக்கும் காலம் 6 ஆண்டுகள். ஆண்டுக்கு 13,500 ரூபாய் ஆகிறது. மூன்றாம் கணினியின் விலை 1,50,000 ரூபாய். மின்கலம் முதலிய செலவு 11,000 ரூபாய். உழைக்கும் காலம் 7 ஆண்டுகள். ஆண்டுக்கு 23,000 ரூபாய் ஆகிறது.

முதலிரண்டு கணினிகளின் விலை வேறுபாடு 30,000 ரூபாய். ஆனால் ஆண்டுக் கணக்கில் வேறுபாடு 1,000 ரூபாயே. மலிவானதே சிக்கனமானது என்னும் எண்ணம் இங்குத் தளர்கிறது. இரண்டாம் கணினிக்கும் மூன்றாம் கணினிக்கும் உள்ள வேறுபாடோ ஆண்டுக்கு 9,500 ரூபாய். விலையுயர்ந்ததே நெடுங்காலத்தில் இலாபம் என்னும் விளம்பரக் கூற்றும் இங்குத் தளர்கிறது. அதே வேளையில், திருமணக் காணொலிகளைத் தொகுத்துப் பொருளீட்டும் இளைஞர் ஒருவருக்கு அவ்வேறுபாடு மாதத்திற்கு ஏறத்தாழ 800 ரூபாய்தான். மூன்றாம் கணினி அவருக்கு மாதந்தோறும் பல மணி நேரத்தை மிச்சப்படுத்துமாயின் அவர் அதனை வாங்குவது அறிவுடைமையே. ஒரே விலை ஒருவருக்கு மிகையாகவும் மற்றொருவருக்கு முதலீடாகவும் அமைகிறது.

உழைக்கும் காலத்தை முடிவு செய்பவற்றுள் மென்பொருளும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நிறுத்தியது. புதிய பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாத கணினிகள், உடல் நன்றாக இருந்தும் பாதுகாப்பு வளையத்திற்கு வெளியே நின்றன. எனவே பல ஆண்டுகளுக்கு முந்தைய செயலியைக் கொண்ட கணினி பெருந்தள்ளுபடியில் கிடைக்கும்போது, அதன் ஆயுளில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கேட்க வேண்டும்.

நினைவகத்தையும் தொடக்கத்திலேயே கருதுதல் வேண்டும். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் அதனைக் கூட்ட இயலாது. அத்தகைய கணினியில் 8 ஜிபியோடு நிறைவடைந்து விட்டால், சில ஆண்டுகளில் கணினியையே மாற்ற நேரிடலாம். விலை குறைந்த தடித்த கணினியில் கூடுதல் நினைவகத்தைப் பொருத்தும் இடம் இருப்பின், அதுவே நீண்ட ஆயுளைத் தரும்.

தவணைமுறையும் காலத்தோடு தொடர்புடையது. 'வட்டியில்லாத் தவணை' என்னும் அறிவிப்பைக் கணக்கிட்டே ஏற்க வேண்டும். 72,000 ரூபாய்க் கணினி மாதம் 6,000 ரூபாய் வீதம் 12 தவணைகளில் கிடைக்கிறது என வைத்துக்கொள்வோம். முழுத்தொகையையும் உடனே செலுத்துவோர்க்கு 5,000 ரூபாய் தள்ளுபடி உண்டெனில், தவணையில் வாங்குவோர் அந்த 5,000 ரூபாயை வட்டியாகவே தருகின்றனர். இதனுடன் செயலாக்கக் கட்டணமும் சேரலாம். சுழிய விழுக்காட்டு வட்டி என ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. தடைக்காலத்தில் தொடங்கும் தவணை, வருமானம் இல்லாத மாதங்களிலும் நிற்காது. ஆகவே தவணையே வழியாயினும், தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குச் சென்ற பின்னர்த் தொடங்குமாறு அமைத்துக்கொள்ளலாம்.

இடனறிதல்

பாம்பன் கடற்காலின் மீது அமைந்த பழைய தொடர்வண்டிப் பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பட்டது. உப்புக்காற்றும் ஈரமும் இரும்பை இடைவிடாது அரிக்கும் அவ்விடத்தில், தொடர்ந்த பராமரிப்பினால் அது நூறாண்டுகளைக் கடந்து உழைத்தது. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அதன்மீது தொடர்வண்டிப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே 550 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் கட்டப்பட்ட புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. துருவேறா எஃகுக் கம்பிகள், முழுதும் பற்றவைக்கப்பட்ட இணைப்புகள், அரிப்பைத் தடுக்கும் சிறப்பு வண்ணப்பூச்சு ஆகியன அதில் பயன்படுத்தப்பட்டுள்ளன. மலிவான பொருளைக் கொண்டு கட்டியிருந்தால் தொடக்கச் செலவு குறைந்திருக்கும். அவ்விடத்தின் காற்று அதனைப் பின்னாளில் பன்மடங்காக வாங்கியிருக்கும்.

பாலத்தை அரிக்கும் அதே காற்றுதான் கடலோர வீட்டின் மேசைமீதுள்ள கணினியையும் சூழ்ந்துள்ளது. விசிறியுள்ள கணினி வெளிக்காற்றை உள்ளே இழுத்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. அக்காற்றோடு உப்புத்துகளும் ஈரமும் சென்று செப்பு இணைப்புகளில் படிந்து களிம்பேற்றுகின்றன. விசிறி இல்லாத கணினி அவ்வாறு காற்றை இழுப்பதில்லை. ஆனால் நீண்ட கடும்பணியில் அதன் விரைவு குறையும். எது ஏற்றது என்பது செய்யும் பணியைப் பொறுத்தது.

'படைத்துறைத் தர உறுதி' என்னும் சொற்றொடர் விலையுயர்ந்த கணினிகளின் விளம்பரங்களில் காணப்படும். அது 810 என்னும் எண்ணுடைய அமெரிக்கப் படைத்துறைச் சோதனைத் தரத்தைக் குறிப்பதாகும். அத்தரத்தில் அதிர்ச்சி, வெப்பம், ஈரப்பதம், உப்புப்பனி எனப் பல சோதனைகள் தனித்தனியே உள்ளன. உற்பத்தியாளர் அவற்றுள் சிலவற்றை மட்டும் செய்திருக்கலாம். கடலோரத்தில் வாழ்வோர் கேட்க வேண்டிய வினா, உப்புப்பனிச் சோதனையும் செய்யப்பட்டதா என்பதே. அவ்வினாவுக்கு விடை கிடைக்காதெனில், அச்சொற்றொடருக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

பழுதுநீக்கும் மையம் எங்குள்ளது என்பதும் இடனறிதலே. இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரையோ அதனினும் மும்மடங்குத் தொலைவு. உதிரி உறுப்புக்காக இருமுறை மதுரைக்குச் சென்றுவர நேர்ந்தால் பயணச் செலவும் இரு நாள் வகுப்பும் இழப்பாகும். வீட்டுக்கே வந்து பழுதுநீக்கும் உறுதிப்பாடு தங்கள் அஞ்சல் எண்ணுக்கு உண்டா என்பதை எழுத்தில் பெறுதல் நன்று. நீர் பட்டோ கீழே விழுந்தோ நேரும் பழுதைப் பொது உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உயர்திறன் யாருக்காக?

உயர்ந்த தொழில்நுட்பத்தை விலக்குவது இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. அதனைப் பயனோடு பொருத்துவதே நோக்கம். இராமேஸ்வரத்தில் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இதற்குச் சான்றாக விளங்கினார். ஏவுகணைக்கென உருவாக்கப்பட்ட எடை குறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, போலியோவால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான நடைக்கருவியை அமைக்க அவர் துணைநின்றார். ஏறத்தாழ மூன்று கிலோகிராம் எடையைச் சுமந்து நடந்த சிறுவர்கள், 300 கிராம் அளவிலான கருவியோடு நடந்தனர். இதயநோய் மருத்துவர் சோம ராஜுவுடன் இணைந்து குறைந்த விலை இதயக்குழாய் வலைச்சுருளை 1998இல் உருவாக்கினார். ஊரக நலப்பணியாளர்க்கான கைக்கணினி ஒன்றையும் இருவரும் 2012இல் வடிவமைத்தனர். பொருள் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட, அது யாருடைய சுமையைக் குறைக்கிறது என்பதே அங்கு அளவுகோலாக இருந்தது.

கணினி வாங்குவோர்க்கும் அவ்வளவுகோல் பொருந்தும். நாள்தோறும் விடுதிக்கும் வகுப்புக்கும் சுமந்து செல்லும் மாணவிக்கு எடைக்குறைவு பயனுடையது. வடிவமைப்புப் பயிலும் மாணவருக்கு வண்ணத் துல்லியமுள்ள திரை பயனுடையது. நண்பர்முன் காட்டிக்கொள்வதற்காக மட்டும் தரப்படும் விலை எவருடைய சுமையையும் குறைப்பதில்லை. குடும்பத்தின் சுமையைக் கூட்டுகிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்னும் பழமொழி இங்கு நினைக்கத்தக்கது.

வாங்கிய பின்னர்

பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கடைக்காரர் எழுதித்தந்த உறுதிமொழி ஆகியவற்றைப் பாதுகாத்தல் வேண்டும். பெட்டியைத் திறந்தவுடன் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவை சொல்லப்பட்டவாறே உள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். குறையுள்ள பொருளோ பொய்யான விளம்பரமோ இழப்பை ஏற்படுத்தினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் வழிகாட்டுதல் பெறலாம்.

கடலின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் அறிந்த பின்னரே வலை விரிக்கும் மரபினர் கடலோர மக்கள். தேவையைத் தெளிந்து, ஆற்றலை அளந்து, காலத்தையும் இடத்தையும் கணித்து வாங்கும் பொருள், விலை குறைந்ததாயினும் உயர்ந்ததாயினும், உழைத்த பணத்துக்கு உரிய மதிப்பைத் தரும்.

கலைச்சொல் அறிவோம்

செயலி – பிராசசர்
நினைவகம் – ராம்
தாய்ப்பலகை – மதர்போர்டு
வரைகலைச் செயலி – கிராஃபிக்ஸ் கார்டு
உத்தரவாதம் – வாரண்டி
தவணைமுறை – இஎம்ஐ

கற்பவை கற்றபின்

1. உயர்கல்வியில் நீங்கள் பயில விரும்பும் பாடப்பிரிவுக்கு ஏற்ற மடிக்கணினியின் தேவைப் பட்டியலை விலையைக் குறிப்பிடாமல் எழுதுக. பின்னர் அதற்குப் பொருந்தும் இரு கணினிகளின் ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு ஒப்பிடுக.

2. நாளிதழில் வெளிவந்த மடிக்கணினி விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அது கூறும் செய்திகளையும் கூறாது விடும் செய்திகளையும் அட்டவணைப்படுத்துக.

3. உங்கள் ஊரின் தட்பவெப்பம், மின்வசதி, பழுதுநீக்கும் மையத்தின் தொலைவு ஆகியவை மின்னணுப் பொருள்களின் ஆயுளை எவ்வாறு பாதிக்கின்றன என்பதைப் பெற்றோரிடமும் கடைக்காரரிடமும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

4. 'விலை உயர்ந்ததே தரமானது' என்னும் கருத்தை ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் கலந்துரையாடுக.